61 பேரில் 10 பேர்: கொள்ளைநோயும் ஹோமியோபதியும்

ஹோமியோபதியில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவரோடு விவாதத்தில் இறங்கினால், சற்று நேரத்தில் ஓர் எண் வந்து விழும்: 16.4. 1854-ல் லண்டனைக் காலரா சூறையாடியபோது அந்நகரின் ஹோமியோபதி மருத்துவமனை 61 காலரா நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் இறந்தவர்கள் 10 பேர், நூற்றுக்கு 16.4. அதே கொள்ளைநோயில் மற்ற மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அரசின் சுகாதார வாரியம் வெளியிட்ட சிகிச்சை அறிக்கையில் ஹோமியோபதி மருத்துவமனையின் கணக்கு விடுபட்டிருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்பட்ட பிறகே அது அச்சுக்கு வந்தது.

இந்தக் கதையில் பொய் இல்லை. அந்த 61 பேரும் இருந்தார்கள், 51 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்ட வாரியத்தின் செயல் அழகானதல்ல. ஆனாலும் இந்த எண் எதை நிரூபிக்கிறது என்று கேட்டால், விடை நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. ஹோமியோபதியின் புகழ் பெருமளவு வளர்ந்தது கொள்ளைநோய்க் காலங்களில்தான்: காலரா, செங்காய்ச்சல், 1918-ன் இன்ஃப்ளூயன்சா, கடைசியாகக் கொரோனா. ஒன்றுமே செய்யாத மருந்துகூடப் பலன் தருவதுபோலத் தோற்றமளிக்க மிக வசதியான காலமும் அதுவே. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்த பெருந்தொற்றில் நம் கையில் திணிக்கப்படும் மாத்திரையை எப்படி எடைபோடுவது என்பதும் புரியும்.

ஹானிமன் வகுத்த வழி

சாமுவேல் ஹானிமன் 1755-ல் ஜெர்மனியின் மைசென் நகரில் பிறந்தவர். முறைப்படி படித்த மருத்துவர். தன் காலத்து மருத்துவத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பு நியாயமானது. எந்த நோய்க்கும் நரம்பைக் கீறி ரத்தம் வடிப்பது, அட்டை விடுவது, பேதிக்குக் கொடுப்பது, பாதரச உப்பை விழுங்க வைப்பது என்பதுதான் அன்றைய சிகிச்சை. 1790-ல் ஒரு மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் சிங்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்தார். மலேரியாக் காய்ச்சலைப் போன்ற குறிகள் தன் உடலில் தோன்றியதாக எழுதினார். நலமாக இருப்பவரிடம் ஒரு நோயின் குறிகளை எழுப்பும் பொருள், அதே குறிகளோடு வரும் நோயாளியைக் குணப்படுத்தும் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. மருந்தைத் திரும்பத் திரும்ப நீர்க்கச் செய்து குலுக்கினால் அதன் வீரியம் கூடும் என்பதைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார். 1810-ல் வெளியான ஆர்கனான் என்ற நூல் இன்றுவரை ஹோமியோபதியின் மூலநூல்.

சாதாரண நாளில் ஹோமியோபதி ஆளுக்கொரு மருந்து பார்க்கும். ஒரே தலைவலிக்கு இருவருக்கு இரண்டு மருந்து தருவார்கள். கொள்ளைநோய்க்கு மட்டும் ஹானிமன் விதிவிலக்கு வைத்தார். ஊரெங்கும் ஒரே நோய் பரவும்போது ஒரு நோயாளியிடம் எல்லாக் குறிகளும் தெரியாது. பல நோயாளிகளை நெருங்கிப் பார்த்து, அவர்களது குறிகளைச் சேர்த்து ஒரே சித்திரமாக்கி, அதற்குப் பொருந்தும் மருந்தைத் தேர வேண்டும் என்றார். ஜீனஸ் எபிடெமிக்கஸ் என்று ஹோமியோ டாக்டர்கள் சொல்வது இந்தப் பொது மருந்தைத்தான். 1799-ல் செங்காய்ச்சல் பரவியபோது பெல்லடோனாவை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாம் என்று கண்டதாக அவர் அறிவித்தார். 1831-ல் காலரா ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது கற்பூரத்தைப் பரிந்துரைத்தார்.

அவருக்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிர்களே காலராவைப் பரப்புகின்றன என்று 1831-லேயே ஊகித்தவர்களில் அவரும் ஒருவர். தவிர, அவர் சொன்ன கற்பூரம் வாசம்கூட இல்லாமல் நீர்த்துப்போனதல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்ன, கற்பூரம் நன்றாகவே கரைந்திருந்த சாராயக் கரைசல். இன்று அவர் பெயரில் விநியோகிக்கப்படுவது வேறு.

1854: லண்டனின் மூன்று கணக்குகள்

லண்டன் ஹோமியோபதி மருத்துவமனை 1850-ல் சோஹோ பகுதியில், கோல்டன் ஸ்கொயர் என்ற சதுக்கத்தில் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் காலரா அதன் வாசலுக்கே வந்தது. அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில்தான் பிராட் தெரு. 1854 ஆகஸ்ட் கடைசியில் அந்தத் தெருவின் அடிபம்பைச் சுற்றி வெடித்த காலரா 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

அந்த ஆண்டு லண்டன் நமக்கு மூன்று கணக்குகளை விட்டுச்சென்றது. முதலாவது, நாம் பார்த்த 61 பேர் கணக்கு. இதை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த மருத்துவமனைக்கு எந்த நிலையில் நோயாளிகள் வந்தார்கள்? காலரா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு லேசான வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். சிலருக்குத்தான் உடலின் நீரெல்லாம் வெளியேறி, நாடி விழுந்து, சில மணி நேரத்தில் உயிர் போகும். அந்தக் கடுமையான நிலையில் சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் இறப்பார்கள். பிடிப்போடும் நீலம் பாய்ந்த உதட்டோடும் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் எங்கே அதிகம், நடந்து வந்தவர்கள் எங்கே அதிகம் என்பது தெரியாமல் இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. ஹோமியோபதி மருத்துவமனையில் தான் பார்த்தவை மெய்யான காலராதான் என்று அரசு மருத்துவ ஆய்வாளர் ஒருவர் சான்றளித்தது உண்மை. ஆனால் மெய்யான காலராவிலும் மிதமானது உண்டு, கொடியது உண்டு. எண்ணிக்கையும் சிறியது. 61 பேரில் ஐந்தாறு பேர் இப்படியோ அப்படியோ ஆகியிருந்தால் சதவீதமே தடம் மாறியிருக்கும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. மற்ற மருத்துவமனைகளில் என்ன நடந்தது? உடலில் நீர் வற்றிச் சாகும் நோயாளியின் ரத்தத்தை வடித்தார்கள். பேதிக்கு மேல் பேதிக்குக் கொடுத்தார்கள். பாதரச உப்பான கேலமலை வாரி வழங்கினார்கள். தாகத்தில் துடிப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தடுத்த மருத்துவர்களும் உண்டு. ஹோமியோபதி மருத்துவமனை இந்தக் கொடுமைகளில் எதையும் செய்யவில்லை. படுக்கை, கவனிப்பு, குடிக்க நீர், தீங்கற்ற சில துளிகள், அவ்வளவே. கொல்லும் சிகிச்சையோடு ஒப்பிட்டால், சிகிச்சையே இல்லாதது வெல்லும். 16.4 என்ற எண் ஹோமியோபதிக்குக் கிடைத்த நற்சான்று என்பதைவிட, அன்றைய வழக்கமான மருத்துவத்தின் மீது விழுந்த குற்றப்பத்திரிகை.

இரண்டாவது கணக்கு, காலரா நீரால் பரவுகிறது என்று கருதிய மருத்துவர் ஜான் ஸ்னோவினுடையது. தேம்ஸின் தென்கரையில் பல தெருக்களில் இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக் குழாய் போட்டிருந்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் நகரின் சாக்கடை கலந்த இடத்திலிருந்து ஆற்று நீரை எடுத்தது. லேம்பெத் நிறுவனம் 1852-லேயே ஆற்றின் மேல்பகுதிக்கு இடம் மாறியிருந்தது. ஒரே தெருவில் இந்த வீட்டுக்கு ஒரு குழாய், அடுத்த வீட்டுக்கு மற்றது. ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு ஒன்று என்ற பாகுபாடு இல்லை. யார் எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்பது பலருக்கே தெரியாது. ஸ்னோ வீடு வீடாகக் கேட்டு எண்ணினார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், சவுத்வார்க் நீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 சாவு. லேம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளில் 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315-க்கு எதிராக 37. இந்த ஒப்பீடு நிற்கிறது; ஏனென்றால் இரண்டு பக்கமும் நீரைத் தவிர மற்ற எல்லாம் ஏறத்தாழச் சமம்.

மூன்றாவது கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் விஷயத்துக்கு அதுவே மிகப் பொருத்தம். லண்டனின் செல்சி பகுதியில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் செங்காய்ச்சல் பரவியது. தாமஸ் கிரகாம் பால்ஃபோர் அங்கே மருத்துவர். ஹானிமன் சொன்ன பெல்லடோனா நோயைத் தடுக்கிறதா என்று பார்த்துவிட முடிவு செய்தார். அதுவரை அந்தக் காய்ச்சல் வராதவர்கள் என்று தெரிந்த 151 சிறுவர்களைப் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து இரண்டாகப் பிரித்தார். தனக்கு வேண்டியவர்களைத் தேர்ந்துகொண்டார் என்ற பழி வரக் கூடாது என்பதற்காகவே இப்படி மாற்றி மாற்றி எடுத்ததாக அவர் விளக்கினார். 76 பேருக்குப் பெல்லடோனா, 75 பேருக்கு எதுவும் இல்லை. முடிவு: இரண்டு குழுவிலும் தலா இருவருக்கு நோய் வந்தது.

1854-ல் அச்சான நூலொன்றில் இடம்பெற்ற இந்தச் சோதனையைப் பற்றிப் பால்ஃபோர் சொன்ன கருத்து அதைவிட அருமை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து மருந்தைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லாச் சிறுவர்களுக்கும் மருந்தைக் கொடுத்திருந்தால், கொள்ளைநோய் அடங்கியதற்கு அதுவே காரணம் என்று தான் நம்பியிருப்பேன் என்றார். கொள்ளைநோய் மருந்துகளைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களின் சாரம் இந்த ஒரு கருத்தில் அடங்கிவிடுகிறது.

கழுதைக்குக் கல்யாணம் எப்போது?

மழை பொய்த்தால் நம் ஊர்களில் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பதுண்டு. மழைக்காலத்தின் நடுவில் யாரும் அதைச் செய்வதில்லை. வறட்சி பொறுக்க முடியாத எல்லைக்குப் போன பிறகுதான் தாலி கட்டுவார்கள். அந்த எல்லைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் மழைதான். கொள்ளைநோயில் மாத்திரை வழங்கப்படும் நேரமும் இப்படியே அமைகிறது. பத்துப் பேருக்கு வந்தபோது யாரும் கவலைப்படுவதில்லை. ஆயிரமாகிப் பதற்றம் தலைக்கேறிய பிறகு வண்டி வண்டியாக மாத்திரை இறங்கும். எந்தத் தொற்றும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். தொற்றக்கூடியவர்கள் குறைவார்கள், பயந்து விலகுவார்கள், பருவம் மாறும். இறங்கும் நேரத்தில் கையிலிருந்த பொருளுக்குப் புகழ் போய்ச் சேரும்.

பிராட் தெருப் பம்பின் கைப்பிடி 1854 செப்டம்பர் 8-ல் கழற்றப்பட்டது, காலரா ஓய்ந்தது. ஆனால் அதற்கு முன்பே நோய் இறங்கத் தொடங்கிவிட்டது, மக்கள் ஊரைக் காலி செய்து ஓடியதால் இருக்கலாம் என்று ஸ்னோவே எழுதிவைத்தார். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவரே, கைப்பிடிக்கு வந்த புகழைத் தயங்கித்தான் ஏற்றார். அதே தெருவில் இருந்த மதுவடிப்பாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையின் பீர் கிடைத்தது, ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. தெருப் பம்பின் பக்கம் போகவே இல்லை. யாராவது அந்த வாரம் அவர்களுக்கு ஒரு தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தால் அது இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும்.

1918-க்கும் இப்படி ஒரு கணக்கு சுற்றுகிறது. அமெரிக்காவில் ஹோமியோ மருத்துவர்கள் பார்த்த 26,795 இன்ஃப்ளூயன்சா நோயாளிகளில் 1.05 சதவீதத்தினரே இறந்தார்கள், வழக்கமான மருத்துவத்தில் 30 சதவீதம் என்பது அது. கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். அன்றைய அமெரிக்காவின் பத்துக் கோடி மக்களில் கால்பங்குக்கு மேல் நோயுற்றனர். இறந்தவர்கள் சுமார் 6,75,000 பேர். நோயுற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்றுதான் வருகிறது. 30 சதவீதம் உண்மையானால் எண்பது தொண்ணூறு லட்சம் பிணம் விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மருத்துவர்கள் தாங்களே எழுதி அனுப்பிய வீட்டு நோயாளிகளின் பட்டியல், மறுபக்கம் நிமோனியாவோடு மருத்துவமனையில் கிடந்தவர்களுக்குப் பொருந்தக்கூடிய விகிதம். ஒப்பீடு எப்படிச் சரியாகும்?

கியூபாவின் கதை அண்மையது. 2007-ன் இறுதியில், வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் கூடிக்கொண்டிருந்த கிழக்கு மாகாணங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, அந்நோய்க் கிருமியிலிருந்து தயாரித்து மிக மிக நீர்க்கச் செய்த திரவம் கொடுக்கப்பட்டது. நோய் சடசடவென இறங்கியதாக 2010-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. வெற்று மருந்து பெற்ற குழுவும் இல்லை. ஆபத்து அதிகமுள்ள சிலருக்கு வழக்கமான தடுப்பு மருந்துகளும் போயிருந்தன. உச்சத்தில் இருக்கும் எலிக்காய்ச்சல், வெள்ளம் வடிந்த பிறகு தானே இறங்கும். பால்ஃபோர் 1854-ல் எச்சரித்த அதே பள்ளம்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

மருந்துப் புட்டியில் 30சி என்று போட்டிருக்கும். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 30 தடவை செய்தது என்று பொருள். ஒவ்வொரு படியிலும் நூறில் ஒன்றாகிறது. 30 படி முடிந்ததும், 1-ஐ அடுத்து 60 சுழியன் போட்டு வரும் எண்ணில் ஒரு பங்கு மட்டும் மிஞ்ச வேண்டும்.

மிஞ்சுமா? பொருளை முடிவில்லாமல் பகுத்துக்கொண்டே போக முடியாது. மூலக்கூறு என்ற எல்லை உண்டு. ஒரு மோல் அளவுப் பொருளில் 6-ஐ அடுத்து 23 சுழியன் போட்ட அளவுக்கு மூலக்கூறுகள் உண்டு. ஒரு லிட்டருக்கு ஒரு மோல் என்று செறிவாகவே தொடங்கினாலும், 12-ஆவது படியிலேயே ஒரு லிட்டருக்கு ஒரு மூலக்கூறுகூட இராது. 30சி நிலையில் ஒரே ஒரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமானால், பத்து லட்சத்துக்கும் அதிகமான சூரியன்களின் கொள்ளளவுக்குக் குடிக்க வேண்டியிருக்கும். ஆகவே, ஆர்சனிக்கம் ஆல்பம் 30சி என்ற உருண்டையில் ஆர்சனிக் இருக்கிறதே, நச்சல்லவா என்று பயப்படத் தேவையில்லை. முறையாகத் தயாரித்திருந்தால் அதில் இருப்பது சர்க்கரை மட்டும். நீர் தான் தொட்ட பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறது என்று 1988-ல் பிரான்சிலிருந்து ஒரு கட்டுரை பரபரப்பாக வெளிவந்தது. பார்வையாளர்கள் முன்னிலையில், எந்தக் குழாயில் எது என்று தெரியாதபடி மறைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை.

இன்ஃப்ளூயன்சாவுக்காக உலகெங்கும் விற்கும் ஆசிலோகாக்சினத்தின் வரலாறு இன்னும் விசித்திரம். முதல் உலகப் போர்க்கால இன்ஃப்ளூயன்சாவில் நோயாளிகளின் ரத்தத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கிருமியைக் கண்டதாக ஜோசப் ராய் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னார். அப்படி ஒரு கிருமி இல்லை. இன்ஃப்ளூயன்சாவைத் தருவது வைரஸ், அதை அன்றைய நுண்ணோக்கியில் பார்க்கவே முடியாது. அந்தக் கிருமி வாத்தின் ஈரலிலும் உண்டு என்று நம்பி, வாத்தின் ஈரலையும் இதயத்தையும் எடுத்து 200 படி நீர்க்கச் செய்தார்கள். இல்லாத கிருமி, இல்லாத அளவுக்கு நீர்த்துப்போய், இன்றும் கடையில் கிடைக்கிறது.

2020 ஜனவரி 29

கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த உருண்டைக்குத் தேதி உண்டு. 2020 ஜனவரி 29 அன்று மத்திய ஆயுஷ் அமைச்சகம், புதிய கொரோனா வைரஸ் வராமல் தடுக்க ஆர்சனிக்கம் ஆல்பம் 30-ஐ வெறும் வயிற்றில் மூன்று நாள் சாப்பிடலாம், தொற்று நீடித்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் சாப்பிடலாம் என்று அறிவுரை வெளியிட்டது. மறுநாள், ஜனவரி 30-ல்தான் கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதியானார்.

இந்த இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். நவீன அறிவியலை விட்டுவிடுவோம். ஹானிமனின் விதிப்படியே இது பிசகு. கொள்ளைநோயின் பொது மருந்தைத் தேர்வதற்குமுன் பல நோயாளிகளை நேரில் பார்த்துக் குறிகளைத் தொகுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இந்தியாவில் அன்று ஒரு நோயாளிகூட அடையாளம் காணப்பட்டிருக்கவில்லை. நோய் பரவிய பிறகும், மணம் தெரியாமல் போவது, மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறைவது போன்ற இதன் தனிக்குறிகள் புலப்பட மாதங்கள் ஆயின. குறிகள் மாறிக்கொண்டே வந்தன. உருண்டை மட்டும் மாறவில்லை.

கேரளம், குஜராத், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் அது விநியோகிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் கபசுரக் குடிநீரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. காவலர்களுக்குக் கொடுத்தார்கள், துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள், குடியிருப்புச் சங்கங்கள் வாங்கி வைத்தன. சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதும் உண்மை. ஓர் ஊரில் ஒரு மாதத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தொற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்க உருண்டை கொடுத்தால், 98 சதவீத வெற்றி என்று அறிவிக்கலாம். சீரக மிட்டாய் கொடுத்திருந்தாலும் அதே 98 தான். மருந்து கொடுக்காத இன்னோர் ஊரில் என்ன ஆயிற்று என்ற எண் பக்கத்தில் இல்லாவிட்டால், முதல் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

சர்க்கரை உருண்டையால் என்ன தீங்கு வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. உருண்டையால் தீங்கில்லை, அது தரும் தைரியத்தால் தீங்கு. காப்பு கிடைத்துவிட்டது என்று நம்பியவர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிடுவார். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் வீரியத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருப்பார். தொற்றுநோயில் அந்த மூன்று நாளுக்கு விலை அதிகம். அதைக் கொடுப்பவர் அவர் மட்டுமல்ல, அவர் வீட்டில் இருக்கும் முதியவரும்தான்.

தடுப்பூசிக்கு மாற்று உண்டா?

நோசோடு என்று ஹோமியோபதியில் ஒரு வகை உண்டு. நோய்க் கிருமியையோ நோயுற்ற திசுவையோ எடுத்து நீர்க்கச் செய்து தருவது. கேட்பதற்குத் தடுப்பூசியைப் போலவே இருப்பதால், ஊசிக்குப் பதில் இதைக் கொடுக்கும் பெற்றோர் பல நாடுகளில் உண்டு. தடுப்பூசியில் இருக்கும் கிருமித்துணுக்கின் அளவு மிகச் சிறியதாக இருந்தாலும் எண்ணிச் சொல்லக்கூடியது. அதை நம் நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உற்பத்தி செய்கிறது, அதை ரத்தத்தில் அளக்கலாம். நோசோடில் அடையாளம் காண எதுவுமில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. சிறுவயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 150 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நோசோடு, ஒரு குழுவுக்கு வெற்று மருந்து, ஒரு குழுவுக்குத் தட்டம்மை, கக்குவான் உள்ளிட்ட நோய்களுக்கான வழக்கமான தடுப்பூசி கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தபோது, தடுப்பூசிக் குழுவில் பெரும்பாலோருக்கு அது தெளிவாக உயர்ந்திருந்தது. நோசோடு பெற்றவர்களுக்கு எழுச்சி இல்லை; வெற்று மருந்து பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். காசநோய், எய்ட்ஸ், மலேரியா, இன்ஃப்ளூயன்சா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நாடுவதை ஏற்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் துறைசார் வல்லுநர்கள் 2009-லேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

காலராவை வென்றது எது?

ஹோமியோபதிக்கு இந்தியாவில் பெரிய வாழ்வு கொடுத்த நோயும் காலராதான். தஞ்சாவூரில் 1840-களிலேயே ஹோமியோபதி மருத்துவமனை இருந்தது. கல்கத்தாவில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் 1867-ல் ஹோமியோபதிக்கு மாறியபோது சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். காலரா சிகிச்சை பற்றி நூல் எழுதியவர் அவர். 1876-ல் அவர் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில்தான் நம் சி.வி. ராமன் பின்னாளில் ஆய்வு செய்து, 1928-ல் ராமன் விளைவைக் கண்டார். சர்க்கார் அறிவியலின் பகைவர் அல்லர். ரத்தம் வடிக்கும் மருத்துவத்துக்கும் வடிக்காத மருத்துவத்துக்கும் இடையில் தேர்வு செய்ய வேண்டியிருந்த காலத்தில், நியாயமான காரணத்தோடு ஒரு பக்கம் நின்றவர்.

அந்தக் காலம் போய்விட்டது. அதே கல்கத்தாவில் சம்புநாத் டே 1959-ல், காலராக் கிருமி வெளியிடும் நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று நிறுவினார். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் எல்லைநகரான பங்காவ்ன் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். முகாமில் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. குளுக்கோஸ் இருந்தால் குடல் உப்பையும் அதோடு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற உடலியல் உண்மை அதன் பின்னால் இருந்தது. இன்று சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் காலராவில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

1854-ல் கோல்டன் ஸ்கொயரில் பிழைத்த 51 பேரை மீண்டும் நினைத்துக்கொள்வதில் தவறில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பாடம், தீங்கு செய்யாதே, குடிக்க நீர் கொடு என்பதுதான். அந்தப் பாடத்தை மருத்துவம் கற்றுக்கொண்டு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வரைக்கும் வந்துவிட்டது. இன்றைய ஹோமியோபதி ரத்தம் வடிக்கும் மருத்துவரோடு போட்டியிடவில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலோடும், தடுப்பூசியோடும், ஆக்சிஜனோடும் போட்டியிடுகிறது. அந்தப் போட்டியில் அது வென்றதாக நேர்மையான ஒப்பீடு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. தொற்று பரவும்போது ஹோமியோ டாக்டர்களுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஊரறிந்தவர்கள், மக்கள் நம்பிக்கையைப் பெற்றவர்கள் அவர்கள். நோய்க்குறி கண்டு உடனே பரிசோதனைக்கு அனுப்புவது, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, குளோரின் போட்ட நீரைக் குடிக்கச் சொல்வது என்று அவர்கள் காக்கக்கூடிய உயிர்கள் ஏராளம்.

இன்னொரு பெருந்தொற்று வரும். அன்றும் யாராவது ஒரு சதவீதத்தைச் சொல்லி ஓர் உருண்டையை நீட்டுவார்கள். வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று? யார் சாப்பிடுவது, யார் சாப்பிடாமலிருப்பது என்று தீர்மானித்தது யார், எப்படி? கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் எது மருந்து, எது வெற்று என்று தெரியாதபடி சோதித்தார்களா? இந்த மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அந்த உருண்டையை நம்பி ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரையுங்கள், தடுப்பூசி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.